பார் இரண்டும் கனடாக் கல்குலேட்டரும்

நாற்பது கடந்தபிறகு தொலைக்கல்வியில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சோதனை. மடக்கை அட்டவணை தரமாட்டார்கள், கல்குலேட்டர் கொண்டுபோகலாம். கனடாவில் இருக்கும் தங்கை, வரைபு கீறிக்காட்டும் கல்குலேட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம், சண்டிலிப்பாய் வீட்டு விறாந்தையில் இருந்து 0.02இன் மடக்கையைத் தட்டினேன். −1.6990 என்று காட்டியது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் அட்டவணை பார்த்து, இரண்டின் தலையில் மட்டும் ‘பார்’ என்ற கோடு போட்டு, ‘பார் இரண்டு தசம் மூன்று பூச்சியம் ஒன்று பூச்சியம்’ என்று எழுதியவள் நான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

“இஞ்சாருங்கோ, உது பிழையா எல்லோ காட்டுது!”

வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுவந்த கணவர் எட்டிப் பார்த்தார். அவரும் அதே அட்டவணையில் படித்தவர்.

“ஓம், பார் இரண்டுதான் வரவேணும். உது பழுது.”

“அப்ப நான் சோதனைக்குப் போகேல்லை.”

அந்தச் சூட்டோடு தங்கைக்குக் குரல்பதிவு அனுப்பினேன். “பழுதானதைத்தான் அக்காவுக்கு அனுப்புவியோ?”

“கத்தாதை அக்கா. முதல்லை வரைபைக் கீறிப் பார்,” என்று பதில் வந்தது.

முணுமுணுத்தபடி கீறினேன். வளைகோடு 1 என்ற இடத்தில் அச்சை வெட்டி, இடப்பக்கம் விழுந்தடித்துக் கீழே இறங்கியது. மடக்கை என்றால் பத்தின் அடுக்கு. 100க்கு 2, ஒன்றுக்கு 0, 0.01க்கு −2. 0.02 அதைவிடப் பெரிது, ஆகவே −2க்குக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும். புள்ளியை 0.02க்கு நகர்த்தினேன், அங்கேதான் நின்றது. கோடு போட்ட இரண்டு மட்டும்தான் கழித்தல். எங்கள் ‘பார் இரண்டு’ கிணற்றில் இரண்டு படி இறங்கி, 0.3010 திரும்ப ஏறச் சொல்கிறது. கல்குலேட்டர் நிற்கிற ஆழத்தை நேரே சொல்கிறது. −2உடன் 0.3010ஐக் கூட்டினேன். −1.6990 வந்தது.

“கடவுளே! கோடு ஏன் இரண்டுக்கு மட்டும் எண்டு ஒருநாளும் யோசிக்கேல்லையே!”

“எனக்கு மட்டும் ஆர் சொன்னவை?” என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

சோதனையில் 0.05இன் மடக்கை வந்தது. கல்குலேட்டர் −1.3010 காட்டியது. கை பழக்கதோசத்தில் ஒன்றின் தலைக்குப் போனது. சும்மா இரு என்று அதை அதட்டி, முன்னாலே கழித்தல் போட்டேன்.

சோதனை மண்டப வாசலில் மோட்டார் சைக்கிளோடு நின்ற கணவர், “பாஸ் பண்ணுவீரோ?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்திலை விளங்காமலே பாஸ் பண்ணினனான். இண்டைக்கு பெயில் விட்டாலும் விளங்கிப்போட்டுது. எடுங்கோ மோட்டார் சைக்கிளை!”