பகலில் தூங்க ஒரு வீடு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வீடாம். அந்த வீட்டுக்கு மேற்கே பார்த்த மாதிரி பெரிய ஜன்னலாம். கதை இப்படித் தொடங்கினால் அடுத்து வருவது ராட்சசன் இல்லை, மத்தியான வெயில். வீட்டு பிளான் வரையும் எங்கள் தொழிலில் எல்லாக் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது.

மேலே கொதிக்கும் தளம், நடுவில் சுடுகாற்றைச் சுற்றிவிடும் ஃபேன், கீழே நாம் என்று மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். புது வீடுகளுக்கு எரிசக்தி விதி என்று ஒன்று இருக்கிறது. சுவர், கூரை, கண்ணாடி வழியாக எவ்வளவு சூடு உள்ளே வரலாம், காற்றுக்கு எவ்வளவு திறப்பு வேண்டும் என்று அது சொல்லும். திருப்பதியில் நாங்கள் வரையும் லேஅவுட்டில் அந்த அளவுக்குள் வந்தால்தான் பிளான் பாஸ். எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள். எனக்கு அதன் மேல் நன்றிதான். என் குரல் சின்னது. "இது வேண்டாங்க" என்று நான் சொன்னால் யாருக்கும் காதில் விழாது. "விதி ஒத்துக்காதுங்க" என்றால் உடனே திரும்பிப் பார்க்கிறார்கள்.

மச்சான் வீட்டுப் போட்டோ

முனிரத்தினம் அண்ணன் நகரிக்காரர். திருப்பதியில் புடவைக் கடை வைத்திருக்கிறார். மனைவி சித்ரா அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் நைட் டூட்டி. மனை மேற்குப் பார்த்தது. அண்ணன் வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டினார். பெங்களூரில் அவர் மச்சான் கட்டிய வீடு. முன்பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி.

பலமனேர் மேடு ஏறினால் பெங்களூர் வரை போர்வை தேடும் ஊர்கள், கீழே இறங்கினால் நமக்கு ஈரத்துண்டு தேவைப்படுகிறது, அதே கண்ணாடி இங்கே அடுப்பாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னேன். "அதே சிமெண்ட்டு, அதே கம்பி. மச்சான் வீடு மட்டும் ஜில்லுன்னு கீது, என் வீடு மட்டும் வேகுமா?" என்றார்.

கூட வந்திருந்த சித்ரா அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. இப்போது மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருக்கிறார்கள். டூட்டி முடிந்து வந்து படுத்தால் தூக்கமே இல்லையாம். போன வாரம் ஒரு பேஷண்டின் கட்டில் பக்கத்தில், கையில் ஊசியோடு, நின்றபடியே கண் மூடிவிட்டாராம். கூட இருந்தவர் தோளைத் தொட்டு எழுப்பினாராம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த பயம் போகவில்லை.

"எனக்குக் கண்ணாடி வேணாம் தம்பி. பகல்ல தூங்கறதுக்கு ஒரு ரூமு வேணும். இந்த வீட்லயும் தூக்கம் வரலைன்னா வேலைய வுட்டுடப் போறேன்."

கண்ணாடி வீட்டில் மோர்

அண்ணன் மனம் மாறவில்லை. விதி வரும் முன்பே அதே மாதிரி முகப்பு வைத்துக் கட்டிய ஒரு வீடு ஊருக்குள் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன்.

கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பழைய பெட்ஷீட் தொங்கியது. பெரிய சோபா காலியாக இருந்தது. வீட்டுக்காரர், மனைவி, மாமியார் மூன்று பேரும் மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மோர் வந்தது. அண்ணன் ஆசையாக அந்த சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அவர் முழங்காலைத் தட்டினார்.

"அங்க ஒக்காராதீங்க சார், ஒட்டிக்கும். அது போட்டோ எடுக்கறதுக்கு."

நைருதி மூலை

திரும்பி வரும் வழியிலேயே அண்ணன் கண்ணாடியை விட்டுவிட்டார். மூலையை விடவில்லை. குடும்பத் தலைவரும் மனைவியும் தென்மேற்கில், நைருதியில்தான் படுக்க வேண்டும் என்று புத்தூர் வாஸ்துக்காரர் சொல்லியிருந்தார். தெற்கு வெயில், மேற்கு வெயில் இரண்டும் சேர்ந்து அடிக்கிற மூலை அது. சுவரை மாற்றி, ஜன்னலைச் சுருக்கி, மேலே சன்ஷேடை நீட்டி, விதியின் கணக்குக்குள் வீட்டைக் கொண்டுவந்துவிட்டேன். ஆனாலும் வீடு பாஸ் ஆவது வேறு, பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் சித்ரா அக்கா தூங்குவது வேறு. அடுத்த முறை இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தபோது இதைச் சொல்ல வாய் வரவில்லை. பிளானில் அந்த அறை மேல் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அக்கா பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போனை எடுத்து வாஸ்துக்காரரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அய்யா, நைருதியில படுக்கறது ராத்திரிக்கா, பகலுக்கா?"

"ராத்திரிக்குத்தாம்மா."

"ராத்திரி நான் ஆஸ்பத்திரியில கீறேன். இவரு நைருதியில படுத்துக்கட்டும், நான் லீவு அன்னிக்கு அங்க வந்துக்கிறேன். பகல்ல வடக்கு ரூம்ல படுத்துக்கவா?"

அண்ணன் போனையே முறைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது.

"பகல்ல தூங்கறதப் பத்தி நூல்ல ஒண்ணும் போடலம்மா. உன் இஷ்டம்."

கட்டில் திரும்பிய விதம்

வடக்கு அறைக்குத் தாராளமாக ஜன்னல் வைத்தேன். அந்தப் பக்கம் நேர் வெயில் வருவது அபூர்வம், அதனால் விதியும் முகம் சுளிக்காது. திருப்பதியில் வடக்கே ஜன்னல் வைத்தால் மலை தெரியும். அண்ணனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆனால் கட்டிலை எப்படிப் போடுவது? வடக்கே தலை வைக்கக் கூடாது. வடக்கே கால் நீட்டினால் மலைக்குக் கால் நீட்டியதாகிவிடும். இரண்டு பேரும் என் மேஜை மேல் தீப்பெட்டியைக் கட்டிலாக வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் கிழக்கே தலை, மேற்கே கால் என்று முடிவானது. ஜன்னல் காற்று நேராகக் கட்டில் மேல் வரும். நானே யோசித்திருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

அண்ணன் ரொம்ப நேரம் பிளானையே பார்த்தார்.

"பெருமாள் வடக்க கீறாருன்னு உன் விதிக்கு யாரு சொன்னாங்க தம்பி?"

மேஸ்திரியின் சந்தேகம்

தளம் போட்ட பிறகு, மேலே பதிக்க சூடு தடுக்கும் பலகைகள் வந்து இறங்கின. தெர்மாகோல் மாதிரி, ஆனால் கெட்டியானவை. அதன் மேல் சிமெண்ட், அதன் மேல் வெள்ளை ஓடு. வரதய்யபாளையத்து மேஸ்திரி ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாபா இது, மீன் பொட்டியில வெக்கறது. வீட்டுக்குள்ள இன்னா வெக்கப் போறீங்க?"

நான் விதியிலிருந்து தொடங்கினேன். பாதியில் காற்று என் குரலைக் கொண்டுபோய்விட்டது. அந்த நேரம் அக்கா டூட்டி முடித்து, பையோடு, நேராக வேலை நடக்கும் இடத்துக்கே வந்திருந்தார். கீழே நின்று நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"என்னத்தான் மேஸ்திரி வெக்கப் போறாங்க, கெட்டுப் போவாம."

கிரகப்பிரவேசம்

கத்திரி முடிந்து வந்த முதல் முகூர்த்தம். வெயிலுக்கு மட்டும் கத்திரி முடிந்தது தெரியவில்லை. நகரியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். ஓமம், பால் காய்ச்சுதல் எல்லாம் விடியற்காலையிலேயே நல்லபடியாக முடிந்தது. பந்தி முடிந்து தாம்பூலம் கொடுக்கும் நேரத்தில் அக்காவைக் காணவில்லை.

அண்ணனோடு நானும் தேடினேன். வடக்கு அறைக் கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. பட்டுப் புடவையோடு, தலையில் பூவோடு, கிழக்கே தலை வைத்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். கரெண்ட் போயிருந்தது. ஃபேன் நின்றுவிட்டிருந்தது. பந்தி இடத்தில் எல்லோரும் இலையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அண்ணன் கதவுப்பிடியை விடாமல் ரொம்ப நேரம் நின்றார். நான் ஜன்னலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். கணக்கில் பாஸ் ஆன எத்தனையோ வீடுகளைப் பார்த்திருக்கிறேன், ஒரு வீடு தூங்கவைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணனின் அக்கா, "வீட்டுக்காரி தூங்கறா, நாங்க தாம்பூலம் வாங்கிக்கினு போறதா? எழுப்புடா" என்று உள்ளே நுழையப் பார்த்தார். அண்ணன் கையை நீட்டி மறித்தார். பிறகு வாசலில் நின்று, தானே ஒவ்வொரு தாம்பூலப் பையாகக் கையில் கொடுத்து, கிசுகிசுத்தே எல்லோரையும் அனுப்பினார். வேனைக்கூடத் தள்ளித் தெருமுனைக்குக் கொண்டுபோய்த்தான் கிளப்பினார்கள். மிஞ்சியவன் நான்தான். என் கையிலும் ஒரு பையைத் திணித்தார்.

"துன்னுட்டியா தம்பி? நல்லா இரு. செருப்பக் கையில எடுத்துக்கினு போ, டப் டப்புனு சத்தம் போடுது."

வீட்டுக்குள் எவ்வளவு சூடு வரலாம் என்று சொல்கிற விதி எவ்வளவு சொந்தக்காரர்கள் வரலாம் என்று சொல்லாததால், அதை முனிரத்தினம் அண்ணனே பார்த்துக்கொண்டார். நான் கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, மனசு குளிர, தெருமுனை வரை குதித்துக் குதித்து நடந்து போனேன்.