மூடிய இலைக்குள் சொதிச் சோறு

போன தை மாதம் நாங்குநேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. எனக்கு முக்கூடல் பக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், டிராக்டர் ஓட்டுகிறேன். யார் வயலை உழுகிறேனோ அவர் வீட்டுக் கல்யாணம். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் சொதிச் சாப்பாடு போடுவார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட குழம்பு, கூடவே இஞ்சிப் பச்சடி. அதற்கு நான் அடிமை.

ஆனால் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. சோற்றைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். அதைப் பெரிய குற்றமாக்கிக்கொண்டது நான்தான். ஒவ்வொரு வாயும் திருடித் தின்பது போல இருக்கும். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவசரமாக விழுங்குவேன். "சோத்துக்கு முன்னால துட்டி வீட்டுல இருக்க மாதிரி இருக்கியளே" என்பாள் என் வீட்டுக்காரி. துட்டி வீடு என்றால் எங்கள் பக்கம் சாவு வீடு.

அன்று பந்தியில் உட்கார்ந்தேன். பரிமாறியவர் சோற்றைக் குவித்துச் சொதியை ஊற்றினார். போதும் என்று சொல்லக் கூச்சம். புது ஆட்களிடம் எனக்கு வாயே வராது. இரண்டு வாய் வைத்தேன். அமிர்தமாக இருந்தது. உடனே மனசு குத்தியது. யாரும் பார்க்கும் முன் அவ்வளவு சோற்றோடும் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடம் சமையல்கட்டுக்குப் பின்னால். அங்கே எச்சில் இலைத் தொட்டிக்குப் பக்கத்தில் தவசுப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கல்யாணச் சமையல்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வந்து விழும் இலைகளை ஒரு குச்சியால் விரித்து விரித்துப் பார்த்தார். எது மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் கைப்பக்குவத்தைச் சரிபார்ப்பாராம். ஓரம் கிழிந்த என் இலையை விரித்தவர் முகம் சுருங்கிப்போனது.

"மைனி, தேங்காப்பால் திரிஞ்சிட்டோ? ரெண்டு வாய் வச்சிட்டு அப்படியே மூடியிருக்கான் பாரு."

தேங்காய் திருகிக்கொண்டிருந்த ஒரு அம்மா, அவருடைய மதினி, ஓடிவந்தார். தவசுப்பிள்ளை ஒரு கரண்டி எடுத்து ருசித்தார். விடியுமுன்னே இருந்து அடுப்புப் புகையில் நின்றதில் தன் நாக்கில் தனக்கே நம்பிக்கையில்லை என்றார். அடுத்த பந்திக்குச் சொதி போகக் கூடாது, பானையைக் கொட்டிவிடலாம் என்று ஆளைக் கூப்பிட்டார். இரண்டு பேர் பானையின் காதைப் பிடித்துவிட்டார்கள்.

பேசாமல் நழுவியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"அண்ணாச்சி, கொட்டாதிய. அது என் எலை. சொதி நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சுகர். டாக்டரு சோத்தக் கொறைக்கச் சொல்லியிருக்காரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தவசுப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா விடவில்லை.

"வேண்டாம்னா கைய நீட்டி மறிக்கணும்லா? எத்தன தேங்கா பிழிஞ்சிருக்கோம்னு இந்தக் கையக் கேளுங்க. டாக்டரு சோத்தக் கொறைக்கத்தான சொன்னாரு, கோவிச்சுக்கிடவா சொன்னாரு?"

அவர் விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. அதற்குப் பிறகு எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே ஒரு சின்ன இலையைப் போட்டு, ஒரு கைப்பிடிச் சோறும் கொஞ்சம் சொதியும் வைத்தார். தவசுப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக மெதுவாகச் சாப்பிட்டேன். இஞ்சியின் காரம் தெரிந்தது, முருங்கைக்காயின் மணம் தெரிந்தது. இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. "நல்லாருக்கு" என்றேன். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். நெல் விளையும் வயலை உழுகிறவன் நான். அந்தச் சோற்றைப் போய் எதிரி மாதிரி பார்த்திருக்கிறேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போதும் அளவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனால் சுவரைப் பார்த்து இல்லை. பந்தியில் போதுமானதும் இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கிறேன். நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசக் கூசும் எனக்கு, சாப்பிட்டு எழும்போது சமைத்தவரைத் தேடிப்போய் "நல்லாருந்துச்சு" என்று சொல்ல மட்டும் இப்போது கூச்சமே வருவதில்லை.