மீதிப் பாதியைச் சொல்ல பஸ் ஏறி வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை கம்பவுண்டர் போன் செய்தார். "டாக்டரம்மா தவறிட்டாங்கம்மா" என்றார். "அப்போ வியாழக்கிழமை கிளினிக் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். என்ன கேள்வி அது! திண்டிவனம் கிளினிக்கில் அந்த நீல பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியும். பதினெட்டு வருஷமாக எங்களுக்கு வியாழக்கிழமை என்றால் டாக்டர் வசந்திதான்.

என் தம்பி ஆரோக்கியத்துக்கு மனச்சிதைவு நோய் வந்தது கல்லூரியில் படிக்கும்போது. காதில் யாரோ திட்டுவதாகச் சொன்னான். எங்கள் ஊர் கோலியனூரில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். டாக்டர் முதல் நாளே அம்மாவிடம், "யாரும் செய்வினை வைக்கலம்மா. மூளை வளர்றப்பவே உள்ளே சில இணைப்பு சரியா அமையாம போயிருக்கலாம். வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சிருந்தாலும், வயசு வந்த பிறகுதான் வெளிய தெரியும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

அம்மாவுக்கு வயிறு என்பது மட்டுமே மனதில் தைத்தது. தம்பியைச் சுமந்தபோது கடும் காய்ச்சலோடு வேர்க்கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போனவள் அவள். அன்றிலிருந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால விரதம் போல உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். ஈஸ்டர் வந்து போனது. தட்டில் உப்பு வரவில்லை. தம்பியின் முகத்தைப் பார்ப்பதையும் விட்டாள். கிளினிக்குக்கும் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே வீட்டில் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வது?

டாக்டரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் பஸ் மாறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதும்மா. பாதி சொல்லி அனுப்பிட்டேன். அந்த வருஷம் உங்களுக்கு மட்டுமா காய்ச்சல்?"

"ஊருக்கே வந்துச்சுங்க. எதிர்வூட்டு மேரியும் அப்ப மாசமாத்தான் இருந்தா. காய்ச்சலோட வேலைக்கு வந்துக்கினுதான் இருந்தா."

"அவங்க புள்ள?"

"பாலிடெக்னிக் படிச்சிக்கினு நல்லாத்தான் கீறான்."

அம்மாவின் கை நின்றது.

"காய்ச்சலுக்கும் பங்கு இருக்கலாம். பரம்பரை இருக்கலாம், பிரசவத்துல பட்ட கஷ்டம் இருக்கலாம். பலதும் சேர்ந்துதான் வரும். உங்க புள்ளைக்கு எதுன்னு படிச்ச எனக்கே தெரியல. அதுக்கு நீங்க ஏம்மா தண்டனை அனுபவிக்கிறீங்க?"

அம்மா வாய்விட்டு அழுதாள். மதியம் சாப்பிடும்போது டாக்டர் தன் கையாலேயே அம்மாவின் தட்டில் உப்பு வைத்தார். அம்மா தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை வேறொரு டாக்டர் வந்திருந்தார். "அவங்க இனிமே வர மாட்டாங்களாக்கா?" என்று தம்பி மூன்று முறை கேட்டான். நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை வந்து அந்த நாற்காலியில் உட்காரக் கூடாதா, டாக்டர்? "தப்பு என்னுதும்மா" என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டவள் நான். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

அம்மா வைத்துக்கொண்டது வேறு. அன்று திருவெண்ணெய்நல்லூரிலிருந்து மகளோடு வந்த ஒருத்தி, புது டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "என் வயித்துலயே கோளாறாமே" என்று அழுதாள். மூட்டு வலியோடு அம்மா எழுந்துபோய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எனுக்கும் சொன்னாங்கம்மா. அது பாதிதான். இரு, மீதிய நான் சொல்றேன்."