சங்கத்தைக் கேட்காத வேலைநிறுத்தம்

செங்கொடிக் கட்சி இரண்டாக உடைந்த வருஷம் எங்கள் குடும்பமும் உடைந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், கூடப்பிறந்த அண்ணன் மறுபக்கம். சாத்தூருக்கு அப்பால் ஊர் பார்க்காத இரண்டு பேரும் ருஷ்யாவுக்கும் சீனாவுக்குமாகச் சண்டை போட்டார்கள். அண்ணன் என் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். நாங்கள் மூவரும் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் ஒன்றாயிருந்த சங்கம் இரண்டானது.

அந்தச் சமயம் பார்த்தா என் வேலை போக வேண்டும்! நாங்கள் உள்ளே குச்சி அடுக்கும்போது வெளிக்கேட்டைப் பூட்டிவிடுவார்கள். “தீப்பிடிச்சா நாங்க எங்கிட்டு ஓட? பூட்டாதீக” என்று கணக்குப்பிள்ளையிடம் கத்தினேன். வாய் நீளம் என்று என்னை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு சங்கமும் எனக்காகக் கொதித்தன. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே கொதித்தன. ஆனால் சேர்ந்து நிற்க வறட்டு மானம் விடவில்லை. வீட்டுக்காரரின் சங்கம் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்றது. அண்ணனின் சங்கம் செவ்வாய் என்றது. திங்களன்று அண்ணன் ஆட்கள் உள்ளே போனார்கள், செவ்வாயன்று வீட்டுக்காரர் ஆட்கள். முதலாளிக்கு இரண்டு நாளும் வேலை நடந்தது. நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்களை நம்பியா வாயைத் திறந்தேன்!

செவ்வாய் மத்தியானம் வானம் கறுத்தது. மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் மரச்சட்டங்களில் களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தன. மழை வந்தால் கணக்குப்பிள்ளை தகரத்தைத் தட்டுவார். போட்டது போட்டபடி எல்லோரும் ஓடிவந்து சட்டங்களை உள்ளே தூக்க வேண்டும். அன்றும் தட்டினார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்குகிறவள், கைப்பிள்ளைக்காரி, “அவள உள்ள விடுங்க, அப்புறம் தூக்குறோம்” என்று சொல்லிவிட்டாளாம். அம்புட்டுச் சரக்கும் நனைந்து நாசமாயிற்று.

மறுநாளே என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். பூட்டும் போயிற்று. சாயங்காலம் இரண்டு சங்கமும் தனித்தனியாக வெற்றிக் கூட்டம் போட்டு, தங்களால்தான் நடந்தது என்று பேசின. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அதற்கடுத்த நாள் கைப்பிள்ளைக்காரியை நிறுத்தினார்கள்.

அண்ணனைக் கையோடு இழுத்துக்கொண்டு வீட்டுக்காரரிடம் போனேன். “எனக்காக நின்னீகள்ல, அவளுக்காகவும் நில்லுங்க.”

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “அது சங்கம் எடுத்த முடிவா? கேக்காமக் கொள்ளாம செஞ்சதுக்கு நாங்க எப்படிப் போய்ப் பேச?”

“மாப்பிளை சொல்றது சரிதான்” என்றார் அண்ணன்.

கட்சி உடைந்த பிறகு இரண்டு பேரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. “அடப் பாவிகளா, ஒண்ணு சேர இதுதானா கெடச்சது?” என்று வாய்விட்டே கேட்டேன்.

விடிந்ததும் ஆபீசுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“உள்ள போடீ, நேரமாச்சு” என்றாள்.

“அது நீ வாங்கிக்குடுத்த வேலைடீ. நான் எப்படிப் போய் உக்கார?” என்றேன்.