நனைந்த பார்சலின் எடை

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்து, வெளியூர்களுக்குச் சேலைகளை லோரியில் அனுப்பி விற்றுவந்தேன். ஒருமுறை, சேராமல் திரும்பிய பார்சல் எடை கூடுதலாக இருப்பதாகச் சொல்லி லோரி கம்பெனி கட்டணத்தை உயர்த்தியது. கிள்ளானிலிருந்த அவர்கள் ஆபீசுக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

அங்கே கணக்கெழுதும் கிராணி பார்சலைத் தராசில் வைத்தார். அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது.

“நனைஞ்சிருக்கே அண்ணே! தண்ணிக்கும் நான்தான் காசு கட்டணுமா?”

அவர் குரல் தாழ்ந்தது. “லோரி ஆத்துல விழுந்திருச்சு அக்கா. டிரைவர் உள்ளேயே மாட்டி இறந்துபோயிட்டாரு.”

கூடுதல் கட்டணத்தை அவரே ரத்து செய்தார். சேலையை எத்தனை முறை அலசியும் சேற்று வாடை போகவில்லை. விற்கவோ எறியவோ மனம் வராமல் அலமாரியில் வைத்துவிட்டேன். மழைநாளில் அந்த அலமாரியைத் திறக்க இன்றும் தயங்குகிறேன்.