மணையில் உட்கார வேண்டிய முட்டிகள்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா இருந்தாராம்; அவருக்கு யானை இருந்தது, சேனை இருந்தது, முட்டி மட்டும் மடங்கவில்லையாம். இதைப் படித்ததுமே உங்கள் வீட்டு ராஜா ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். அப்படிப்பட்ட ராஜாக்களின் தொடையையும் முட்டியையும் பிடித்துவிடுவதுதான் என் தொழில். மேற்குத் தாம்பரத்தில் ஹெலன் மேடம் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில் மசாஜ் தெரபிஸ்டாக இருக்கிறேன். எந்தத் தசை மக்கர் பண்ணுகிறது என்று மேடம் பார்த்துச் சொல்வார், நான் பிடிப்பேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். நீங்களும் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிற ஜாதிதானே என்ற தைரியத்தில், சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் மாடி

எங்கள் கிளினிக்கைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது முதல் மாடியில் இருக்கிறது என்பது. கீழே பெயின்ட் கடை. பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. லிஃப்ட் கிடையாது. முட்டி வலிக்காரர்கள் ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் சேர்த்து வைத்து, கைப்பிடியைத் திட்டிக்கொண்டே வருவார்கள். சிலர் கீழேயே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து போன் பண்ணி, "தம்பி, இறங்கி வந்து பாத்துட்டுப் போயேன்" என்பார்கள்.

சேர்ந்த புதிதில் மேடத்திடம் மெதுவாகக் கேட்டேன், இதே தெருவில் தரைத்தளத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே, பார்க்கலாமா என்று. மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏறி வந்துட்டாங்கன்னா பாதி குணம்ப்பா. மீதி பாதிதான் நம்ம வேலை."

பஞ்சர் எங்கே

முட்டி வலி என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் தொடையைத்தான் பிடிப்பேன். முன்தொடைத் தசை இறுகிப்போனால் அது முட்டிச்சிப்பியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், முட்டி அழும். அதனால் உள்ளங்கையால் முட்டிக்கு மேலிருந்து இடுப்பு நோக்கி நீவிச் சூடாக்கி, பிறகு சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, கடைசியில் தொடையின் வெளிப்பக்கம் கட்டை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். முட்டிச்சிப்பியின் மேல் அழுத்தவே கூடாது. இதை வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவேன். என் குரலில் சொல்வதால் பாதி காற்றில் போய்விடும்.

பம்மல் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற குமார் அண்ணன், நான் தொடையைப் பிடிப்பதை ரொம்ப நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா தம்பி, பஞ்சர் ஆனது டயரு. நீ இன்னாத்துக்கு சீட்ட தொட்ச்சிகினு கீற?"

விசில் மாஸ்டர்

தனசேகரன் மாஸ்டர் பொழிச்சலூர்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் பனியன், டிராக் பேன்ட், கழுத்தில் விசில் மாட்டிய கயிறு. விசில் இல்லை, கயிறு மட்டும். எத்தனையோ தலைமுறைப் பையன்களைத் தோப்புக்கரணம் போட வைத்த மனிதருக்கு, இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அதில் அவசரம் என்னவென்றால், மகள் திவ்யாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பாத பூஜை செய்ய வேண்டும், தாரை வார்க்க வேண்டும், ஹோமம் முடிகிற வரைக்கும் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு, கிட்டத்தட்ட என்னை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டிருப்பார். சம்பந்தி வீட்டில் இவர் ஒரு பெரிய உடற்பயிற்சிப் புலி என்று பேராம். போதாக்குறைக்கு மாப்பிள்ளை தினமும் யோகா செய்கிறவராம். வரன் பார்த்த இணையதளத்திலேயே போட்டிருந்ததாம்.

"அந்தப் பையன் பத்மாசனத்துல உக்காந்திருப்பான். எதிர்ல பி.டி. மாஸ்டர் நாற்காலியில உக்காந்தா, என் பொண்ணு அந்த வீட்ல எப்படிடா தலை நிமிர்ந்து நடப்பா?"

யோகா மாப்பிள்ளை

மாஸ்டர் காலையில் வருவார். சாயங்காலம் வருகிறவர்களில் அருண் என்று ஒருத்தர், வண்டலூர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. படியைத் தாவி ஏறி வந்தார். ஆனால் தரையில் உட்காரச் சொன்னால், முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்தொடையும் உள்தொடையும் இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. கல்லூரி முடித்ததிலிருந்து நாற்காலியில் சாப்பிட்டு, நாற்காலியில் வேலை பார்த்து, நாற்காலியிலேயே தூங்கியும் இருக்கிறார். இவருக்கும் அடுத்த மாதம் கல்யாணம். மணையில் உட்கார வேண்டும்.

இவருக்கு நான் செய்ததெல்லாம் எளிமையானது. காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கைக்கு எதிராகத் தள்ளச் சொல்வேன். தள்ளிவிட்டு, மூச்சை விட்டு, காலைத் தளரவிடச் சொல்வேன். விட்ட அந்த நேரத்தில் தசை கொஞ்சம் ஏமாந்திருக்கும். இன்னும் ஒரு விரற்கடை போகும். இப்படி விரற்கடை விரற்கடையாகத்தான் முட்டியைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். வரன் விளம்பரத்தில் யோகா என்று போட்டது அம்மாவாம். பையனுக்கு ஒரு நல்ல பழக்கமாவது இருக்கட்டுமே என்று போட்டார்களாம். நிச்சயதார்த்தம் முழுக்க சோபாவில் கழிந்ததால் தப்பித்தாராம்.

மாமனார் எந்த ஊர் என்று கேட்டேன். பொழிச்சலூர் என்றார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டேன்.

"பி.டி. மாஸ்டர், ப்ரோ. தரையில உக்காரத் தெரியாதவன் எல்லாம் என்ன ஆளுன்னு நிச்சயத்தன்னைக்கே எங்க சித்தப்பாவைப் பாத்துச் சொன்னாரு. நான் சோபாவுக்குள்ளேயே போய்ட்டேன்."

பதில் ஆள்

இரண்டு பக்க ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நான் திண்டாடிய நாட்களிலும் மற்ற முட்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நாங்கள் எவ்வளவு பிடித்துவிட்டாலும், வீட்டில் தினமும் பயிற்சி செய்தால்தான் நிற்கும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, விட வேண்டும். கஷ்டமே இல்லை. அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

சானடோரியத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு வாரக்கணக்கில் முன்னேற்றமே இல்லை. கூட வருகிற மருமகள் மட்டும் நாளுக்கு நாள் விறுவிறுவென்று படி ஏறி வந்தார். மேடம் சந்தேகப்பட்டு, பயிற்சி தவறாமல் நடக்கிறதா என்று விசாரித்தார். அந்த அம்மா கொஞ்சமும் கூசவில்லை.

"ஒரு நாள் தவறலையே டாக்டர். எனக்கு முடியலைன்னு இவதான் டெய்லி பண்றா."

தொடாத கால்

ஒருவர் ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. நன்றாக அழுத்திப் பிடித்துவிடச் சொன்னார். மேடம் என் கையைத் தட்டிவிட்டார். காலுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால் பிடித்துவிடுவதே ஆபத்து. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். நீங்களும் இதை மட்டும் மறக்காதீர்கள்: ஒற்றைக் கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் எண்ணெயைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். அவரைக் கையோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். உறைந்த ரத்தக் கட்டியேதான். நல்லபடியாக மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, கீழே பெயின்ட் கடையில் யாரிடமோ அவர் பேசிக்கொண்டிருந்தது மேலே வரைக்கும் கேட்டது.

"ஆஸ்பத்திரியில உசுரக் காப்பாத்திட்டாங்க சார். இங்க மேல இருக்காங்களே, ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்கல."

திரைக்கு அந்தப் பக்கம்

கல்யாணத்துக்கு முந்தின வாரம், அருண் கடைசி முறையாக வந்திருந்தார். துண்டை மடித்து இடுப்புக்கு அடியில் வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு டிவி சீரியல் நேரம் அசையாமல் இருந்து காட்டினார். எழுந்தபோது சுவரைத் தேடவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. அவரைப் படுக்க வைத்துத் தொடையை நீவிக்கொண்டிருந்தேன். அப்போது படியில் ஒரு குரல் ஒவ்வொரு படிக்கும் ஒரு "அப்பா" போட்டுக்கொண்டு ஏறி வந்தது. காலையில் மட்டும் வருகிற மாஸ்டர், பத்திரிகை வைக்கிற அலைச்சலில் வலி தாங்காமல் அன்றைக்குச் சாயங்காலம் வந்துவிட்டார்.

இரண்டு படுக்கைக்கும் நடுவில் ஒரே ஒரு பச்சைத் திரைதான். மாஸ்டர் அந்தப் பக்கம் படுத்தார். நான் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். மாஸ்டரின் முட்டி முந்தின மாதத்தைவிடத் தேவலை என்றாலும், சம்மணம் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள் மாஸ்டர் என்று காதோடு காதாகச் சொன்னேன். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மைதானத்தில் பேசிய தொண்டை. வலியில் உயிர் போனாலும் நாற்காலி கேட்க மாட்டேன், அந்த யோகாக்காரப் பையன் முன்னால் என் மானம் போகக் கூடாது என்று மொத்தக் கதையையும் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் இல்லை என்ற நினைப்பில் கொஞ்சம் அழுதார். திரைக்கு இந்தப் பக்கம் அருண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மாஸ்டர் இறங்கிப் போகிற வரைக்கும் அருண் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானைத் தப்பாகப் போட்டார்.

"ப்ரோ, நான் இங்க வந்ததே இல்ல. அவரும் வந்ததே இல்ல. சரியா?"

பாத பூஜை

பம்மலில் ஒரு மண்டபம். இரண்டு வீட்டுக்காரர்களும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் மாஸ்டர் என்னைத் தன் பழைய மாணவன் என்றார். உள்ளே அருண் என்னை ஆபீஸ் ஃப்ரெண்ட் என்றார். மற்றவர்கள் தாலியைப் பார்க்க முன்வரிசைக்கு வந்தார்கள். நான் முட்டியைப் பார்க்க.

அருண் மணையில் அழகாக உட்கார்ந்தார். பிடித்துவிட்ட என் கைக்குப் பெருமையாக இருந்தது. மாஸ்டரும் விறைப்பாக வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். பாத பூஜை முடிந்தது. ஹோமம் ஆரம்பித்தது. ஐயர் நிதானமானவர்; எதையும் விடுவதாக இல்லை. மாஸ்டர் நெற்றியில் வியர்வை. இடது கை தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது. புகை என்று எல்லாரும் நினைத்தார்கள். அது புகையல்ல என்று அந்த மண்டபத்தில் மாஸ்டரைத் தவிர எனக்கும் அருணுக்கும்தான் தெரியும்.

அப்போது மாப்பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, கால் மரத்துவிட்டது, ஒரு நாற்காலி வேண்டும் என்றார். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அக்னிக்கு முன்னால் நாற்காலியா என்று ஐயர் முறைத்தார். பெண் வீட்டுக் கூட்டத்தில் யாரோ, யோகா வாத்தியார்னு சொன்னாங்க என்று சிரித்தார்கள். அருண் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. அருண் நாற்காலியில் உட்கார்ந்து, மாமனாரை மட்டும் பார்த்தார். மாஸ்டர் ஒரு கணம் அவரையே உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு மைதானத்துக் குரலில், "மாப்பிள்ளை தனியா உக்காந்தா நல்லா இருக்காது. பாவம், துணைக்கு நானும் உக்கார்றேன், எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார். இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்து, நாற்காலியில் சாய்ந்து, பெரிய மூச்சு விட்டார். அதுவரைக்கும் தலை குனிந்திருந்த திவ்யா நிமிர்ந்து அப்பாவையும் புருஷனாகப் போகிறவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் மட்டும் எதுக்குக் கீழ? எனக்கும் போடுங்க."

கடைசியாகக் கிளம்பியவர்

சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்து, வாழைமரத்தைக்கூட அவிழ்த்துவிட்டார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஐயர் தூணைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். நாற்காலியைப் பார்த்து முறைத்த முகம் இப்போது இல்லை. நான் முட்டி பார்க்கிறவன் என்று மாஸ்டர்தான் காதில் போட்டாராம். பழைய மாணவன் கதை அவ்வளவுதான் தாங்கியது. தினம் தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து வலது முட்டி போயே போய்விட்டது, எழுந்திருப்பதற்குள் அடுத்த முகூர்த்தமே வந்துவிடுகிறது, யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். எங்கே வர வேண்டும் என்று கேட்டார். இடத்தைச் சொன்னேன். பெயின்ட் கடை தெரியும் என்று தலையாட்டினார்; அதற்கு மேலே என்று நான் சொன்னதும் தலையாட்டல் நின்றது.

"மாடியா? அப்ப வேண்டாம்ப்பா, இதுவே பழகிடுத்து."

அவர் நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாப் பக்கம் போய் மறைந்தார். அந்த ஒரு படிக்கட்டு மட்டும் இல்லையென்றால் தாம்பரம் முதல் வண்டலூர் வரை எத்தனை முட்டிகள் உண்மையைப் பேசியிருக்கும் என்று நினைத்தபடி, நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பை மாட்டினேன்.