எழும்பாமல் செய்யும் பயிற்சி

செங்கலடி பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த அந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்த நூல் சேலை, மடியில் மருந்துப் பை. கைபேசியில் உடற்பயிற்சி வீடியோக்களைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏதாவது பிடித்துவிட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு, இருந்தபடியே தானும் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார்.

“ஆருக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“என்ட மனிசனுக்கு, தங்கச்சி. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் ஏலாது. நான் செய்து காட்டினாத்தான் அவரும் செய்வார். இவங்க எல்லாரும் முதல்ல எழும்பி நில்லுங்க எண்டுறாங்க. எழும்ப ஏலுமெண்டா நான் ஏன் தேடுறன்?”

கடைசியில் ஒன்று கிடைத்தது. கதிரையில் இருந்துகொண்டே வலது கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். அக்கா தூக்கினார். கை தோளுக்கு மேல் போகவில்லை.

“அவரத் தூக்கித் தூக்கி இப்பிடியாப் போச்சு. இது சரிவராது” என்று அடுத்ததற்குத் தள்ளினார்.

“தோளுக்கும் பயிற்சி இருக்கு அக்கா.”

“இருக்கும். எனக்கு ஆர் செய்து காட்டுற?”

சந்தியில் இடது கையால் கம்பியைப் பிடித்து இறங்கிப் போனார். அதன் பிறகுதான், என் இரண்டு கைகளும் மடியில் சும்மா கிடந்ததைக் கவனித்தேன்.